ஓடிக்கொண்டிருக்கும் கடனை நடுவில் வாங்குவது, விற்பது எப்படி

ஆப்பில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று பிரித்துப் பிரித்து முகம் தெரியாதவர்களுக்குக் கடன் கொடுத்து வைத்திருப்பவர்கள் மதுரையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொடுக்கும்போது ஒன்றும் தெரியாது, வீட்டில் ஒரு விசேஷம், பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் என்று பணம் தேவைப்படும்போதுதான் கேள்வி வரும்: இந்தக் கடனை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு நாம் வெளியே வர முடியுமா? மறுபக்கத்திலிருந்து கேட்பவர்களும் உண்டு. பாதி ஓடிய கடன், தவணை ஒழுங்காக வருகிறது, அதை விலைக்கு வாங்கினால் புதுக் கடன் கொடுப்பதைவிட நல்லதுதானே என்று. இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் யூடியூபில் இருக்கும் பாதி வீடியோக்கள் பழையவை.

பி2பி என்கிற பியர் டு பியர் கடனில் கடன் கொடுப்பது வங்கி இல்லை, நீங்கள்தான். உங்கள் பணத்தோடு இன்னும் பலர் பணமும் சேர்ந்து ஒருவருக்குக் கடனாகப் போகிறது, அதில் உங்கள் பங்கு ஒரு துண்டு. நம் நாட்டில் இதை நடத்தும் தளங்களுக்கு, அதாவது இந்த ஆப்களுக்கு, 2017 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. ஒரே கடன்காரருக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது எல்லாத் தளமும் சேர்த்து 50,000 ரூபாய். கடன் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. ஈடு கிடையாது, தளம் உத்தரவாதமும் தரக்கூடாது. வெளிநாட்டுப் பணம் உள்ளே வரக்கூடாது, அதனால் துபாயில் இருக்கும் மச்சான் அங்கிருந்தே நேராகப் போடும் கதையெல்லாம் நடக்காது. மொத்தமாகப் போடும் வரம்பு ஆரம்பத்தில் 10 லட்சமாக இருந்தது, 2019 டிசம்பரில் 50 லட்சம் ஆக்கினார்கள். 10 லட்சத்தைத் தாண்டினால் 50 லட்ச ரூபாய் நிகர சொத்து இருக்கிறது என்று ஆடிட்டர் சான்று வேண்டும்.

விதி இப்படி இருக்கும்போதே சில தளங்கள் இதை ஏதோ சேமிப்புக் கணக்கு மாதிரி விற்றன. "எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று ஒரு பட்டனும் வைத்தன. மூன்று வருஷத்துக்குக் கொடுத்த கடனை எப்படி எப்போது வேண்டுமானாலும் எடுப்பது? நீங்கள் எடுத்த பணம் கடன்காரர் கட்டியது இல்லை, புதிதாக உள்ளே வந்த ஒருவருடையது. உங்கள் துண்டு சத்தமில்லாமல் அவர் பெயருக்குப் போய்விடும். உள்ளே வருகிறவர் இருக்கும்வரை இது ஓடும். ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்ட் 16 அன்று ஒரு திருத்தம் கொண்டுவந்து, கடன் கொடுத்த ஒருவரின் பணத்தை வைத்து, கடன் கொடுத்த இன்னொருவரை மாற்றுவது, நினைத்தபோது எடுக்கும் வசதி என்று விளம்பரம் செய்வது, குறைந்தபட்ச வருமானம் உறுதி என்பது எல்லாவற்றையும் நிறுத்தியது. எஸ்க்ரோ கணக்கில், அதாவது பணம் கைமாறும்போது நடுவில் நிற்கும் பொதுக் கணக்கில், பணம் ஒரு வேலை நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்றும், அசலும் வட்டியும் போனால் நஷ்டம் முழுக்க கடன் கொடுத்தவருக்குத்தான் என்பதைத் தளம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

ஆக, இங்கே பி2பி துண்டுகளுக்கு இன்று சந்தை கிடையாது. "என் பெயரில் நாற்பது லோன் ஓடுகிறது, பத்து பர்சென்ட் குறைத்து உங்களுக்கு மாற்றிவிடுகிறேன்" என்று வாட்ஸப்பில் யாராவது வந்தால் பேச்சை வளர்க்காதீர்கள். ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கிறது, தவணைப் பணம் எஸ்க்ரோவிலிருந்து போய்ச் சேர்வது அவருடைய வங்கிக் கணக்கில், உங்கள் கையில் இருப்பது அவருடைய வாய்வார்த்தை மட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது எளிது. ஆப்பில் திரும்ப வரும் பணத்தைத் தானாகவே மறுபடி கடன் கொடுக்கும் அமைப்பு இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். தவணை வர வர வங்கிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 24 மாதக் கடன் 18 சதவீதத்தில் என்றால் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 45 சதவீத அசல் கைக்கு வந்துவிடும், வட்டி தனி. அது விற்று வெளியே வருவதைவிட மெதுவான வழிதான், ஆனால் தள்ளுபடி கொடுக்காத வழி. கடன் வாரியாக ஸ்டேட்மெண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மொத்தத் தொகையை மட்டும் காட்டும் ஸ்க்ரீன்ஷாட் போதாது.

வெளிநாட்டில் இந்தச் சந்தை உண்டு, இருந்தது என்று சொல்வதுதான் சரி. இங்கிலாந்தில் 2005இல் ஸோபா என்கிற பி2பி தளம் ஆரம்பித்தது, 2010இல் ஃபண்டிங் சர்க்கிள் வந்தது, சிறு முதலீட்டாளர்கள் தங்கள் துண்டுகளை மற்றவருக்கு விற்றுக்கொண்டு இருந்தார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், ஃபண்டிங் சர்க்கிள் அந்த விற்பனையை நிறுத்திவைத்தது. 2022இல் சிறு முதலீட்டாளர்களுக்கான கதவையே மூடிவிட்டது. ஸோபா 2021 கடைசியில் பி2பி தொழிலையே விட்டது, அமெரிக்காவில் லெண்டிங் கிளப் அதற்கு ஒரு வருஷம் முன்பே சிறு முதலீட்டாளர்களுக்குக் கடன் துண்டுகள் விற்பதை நிறுத்தியிருந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவைப்பட்ட மாதத்தில்தான் விற்கும் பட்டன் வேலை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன நம்மூர் ஆப் கதையும் இதே ஜாதிதான்.

சரி, அப்போது மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஓடும் கடனைச் சட்டப்படி வாங்கி விற்க வழியே இல்லையா? இருக்கிறது: பங்குச் சந்தையில் பட்டியலான என்.சி.டி. எனப்படும் கடன் பத்திரங்கள். தங்க நகைக் கடன் கம்பெனிகள், வண்டிக் கடன் கம்பெனிகள் எல்லாம் ஆயிரம் ரூபாய் முகமதிப்பில் வெளியிடுகின்றனவே, அவைதான். அதுவும் கடன் துண்டுதான், கடன்காரர் மட்டும் தனி ஆள் இல்லாமல் கம்பெனி. அதற்கு வருவதற்கு முன்னால் விலைக்கணக்கு தெரிய வேண்டும், அது தெரியாமல் வாங்குவதும் விற்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற வேலை.

விலைக்கணக்கு

இந்த வேலை நம்மூருக்குப் புதுசு இல்லை. கீழமாசி வீதிக் கடைகளில் புரோநோட்டை மேடோவர் செய்து கைமாற்றுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர் தன் கையில் இருக்கும் நோட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, தொகையில் கொஞ்சம் குறைத்துப் பணம் வாங்கிக்கொள்வார். அதை வாங்குகிற ஆள் வட்டி எத்தனை என்று முதலில் கேட்கமாட்டார். நோட்டைத் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் வரவு வைத்திருக்கிறதா, கடைசி வரவு என்றைக்கு, நோட்டு எழுதி மூன்று வருஷம் ஆகப்போகிறதா, ஆகப்போகிறது என்றால் நடுவில் கடன்காரர் கையெழுத்தோடு ஏதாவது வரவு இருந்து காலம் நீண்டிருக்கிறதா. இதெல்லாம் சரியாக இருந்தாலும், "நோட்டு நல்ல நோட்டுதாண்ணே, பார்ட்டிதான் சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்த வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு பாக்கி, எவ்வளவு காலம், இதுவரை எப்படிக் கட்டினார், கட்டுகிற ஆள் யார், எதற்காக விற்கிறார். வட்டி கடைசியில்.

இப்போது எண்கள். இங்கே விற்க முடியாது என்றாலும், கணக்குப் புரிவதற்கு ஒரு பி2பி துண்டையே எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்த் துண்டு, 24 மாதம், வருஷத்துக்கு 18 சதவீதம், அதாவது நம் பேச்சில் ஒன்றரை வட்டி, ஆனால் குறையும் அசலுக்கு. மாதத் தவணை 499 ரூபாய் சொச்சம். பன்னிரண்டு தவணை கட்டியாகிவிட்டது. பாக்கி அசல் எவ்வளவு? பாதி காலம் போனது, பாதி பாக்கி, 5,000 என்று நினைப்பீர்கள். இல்லை, 5,445. ஆரம்பத் தவணைகளில் வட்டிதான் அதிகம் போகும், அசல் மெதுவாகத்தான் குறையும். விற்பவர் இதை மறந்து 5,000க்குக் கொடுத்தால் 445 ரூபாயைச் சும்மா கொடுத்துவிடுகிறார். அதனால் முதல் வேலை, மீதி அசல் எவ்வளவு என்று தவணை அட்டவணையில் பார்ப்பது.

5,445க்கே வாங்கினால் உங்களுக்கும் 18 சதவீதம்தான். உங்களுக்கு 24, அதாவது ரெண்டு வட்டி வேண்டும் என்றால் 5,280 கொடுக்க வேண்டும். வித்தியாசம் 165 ரூபாய் சொச்சம், மூன்று சதவீதம்தான். மூன்று சதவீதத் தள்ளுபடி எப்படி ஆறு சதவீதத்தை ஏற்றுகிறது என்று குழம்பாதீர்கள். உங்கள் பணம் ஒரு வருஷம் முழுக்க உள்ளே இருப்பதில்லை, மாதா மாதம் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது, சராசரியாக ஆறு மாதம் சொச்சம்தான் வெளியே நிற்கிறது. அதே கடனில் நான்கு தவணை மட்டும் மீதி இருக்கும்போது அதே மூன்று சதவீதம் குறைத்து வாங்கினால் வருமானம் 33 சதவீதம் வரை போகும். விற்பவர்கள் இதைக் கவனிக்காமல் "மூணு பர்சென்ட்தானே" என்று விட்டுக்கொடுக்கிறார்கள். கடைசி நான்கு மாதத்தில் விற்பதைவிடப் பேசாமல் காத்திருப்பது நல்லது.

வாங்குகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. மேலே 5,280 கொடுத்து வாங்கியவருக்குப் பன்னிரண்டு தவணையும் வந்தால் 5,991 வரும், லாபம் 711. கடைசி இரண்டு தவணை வரவில்லை என்று வையுங்கள், 998 போச்சு, லாபம் போய்க் கையிலிருந்து 287 நஷ்டம். அப்படியென்றால் மூன்று சதவீதத் தள்ளுபடி, நன்றாகக் கட்டுகிற கடனுக்கு ஒரு போனஸ். கெட்டுப்போகும் கடனுக்கு அது எந்த ஈடும் இல்லை. கட்டிய தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 5ஆம் தேதி தவணை. ஆரம்பத்தில் 5ஆம் தேதியே வந்தது, அப்புறம் 9, அப்புறம் 14, போன மாதம் 22. ஒரு தவணைகூடத் தவறவில்லை, ஆப்பில் பச்சையாகத்தான் காட்டும், ஆனால் அந்த ஆள் ஒவ்வொரு மாதமும் வேறு எங்கோ புரட்டிக் கட்டுகிறார். இப்படிப்பட்ட துண்டுதான் குறைந்த விலையில் விற்பனைக்கு வரும். நல்ல துண்டை எதற்கு ஒருவர் விற்கிறார் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் வாங்காதீர்கள். தவணை ஏற்கெனவே நின்றுபோன துண்டை, நூறு ரூபாய்ப் பாக்கிக்கு எழுபது என்று கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். ஈடு இல்லாத கடன், வசூல் நம் கையில் இல்லை.

விலை ஏற்றி, பிரீமியத்தில் வாங்குவதில் வேறு ஒரு வம்பு. பாக்கி அசலைவிட 2 சதவீதம் கூடக் கொடுத்து வாங்கிய மறுமாதம் கடன்காரர் முழுசாக அடைத்துவிட்டால், உங்களுக்கு வருவது பாக்கி அசலும் ஒரு மாத வட்டியும்தான். கொடுத்த பிரீமியம் திரும்ப வராது. நன்றாகக் கட்டுகிற ஆள்தான் சீக்கிரம் அடைப்பார், அதனால் நல்ல கடனுக்கு அதிக விலை கொடுப்பதிலும் ஒரு எல்லை வேண்டும்.

கணக்குப் போட பெரிய படிப்பு வேண்டாம். கூகுள் ஷீட்டில் ஒரு வரிசையில் தேதிகள், பக்கத்து வரிசையில் தொகைகள். முதல் வரியில் இன்றைய தேதி, நீங்கள் கொடுக்கும் விலை, மைனஸ் போட்டு. அடுத்த வரிகளில் வரப்போகும் தேதிகளும் தொகைகளும். அடியில் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர் (XIRR) சூத்திரம் போட்டால் உண்மையான வருஷ வருமானம் வந்துவிடும். மாதக் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்கும் நம் வழக்கத்தைவிட அது கொஞ்சம் அதிகமாகக் காட்டும், ஏனென்றால் வட்டிக்கு வட்டியையும் சேர்க்கிறது. இரண்டு பத்திரத்தை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே முறையைப் பயன்படுத்தினால் போதும்.

என்.சி.டி. வாங்குவது

பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு இருந்தால் போதும், பங்கு வாங்குகிற அதே ஆப்பில் வாங்கலாம். சிக்கல் சரியான பத்திரத்தைக் கண்டுபிடிப்பதில்தான். ஒரே கம்பெனி பத்து முறை வெளியிட்டிருக்கும், ஒவ்வொரு வெளியீட்டிலும் மாத வட்டி, வருஷ வட்டி, கடைசியில் மொத்தமாகத் தரும் வகை என்று ஏழெட்டு வரிசை இருக்கும். தேசியப் பங்குச் சந்தையில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் என்1, என்ஏ, ஒய்பி என்கிற மாதிரி இரண்டு எழுத்து வரும், அதுதான் வரிசை. பெயரை நம்பாமல் ஐ.எஸ்.ஐ.என். எண்ணை, அதாவது ஒவ்வொரு பத்திரத்துக்கும் உள்ள தனி அடையாள எண்ணைப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்து பன்னிரண்டு இடம், எட்டாவது ஒன்பதாவது இடத்தில் 07 என்று இருந்தால் கடன் பத்திரம், 01 என்று இருந்தால் பங்கு. அந்த எண்ணை வைத்து வெளியீட்டு ஆவணத்தைத் தேடி எடுத்து நான்கு விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள்: வட்டி விகிதம், வட்டி தரும் தேதி, முதிர்வு தேதி, கம்பெனி நடுவிலேயே திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா. மொத்தமாகத் தரும் வகையில் விலை 1,300, 1,400 என்று நிற்கும். அதைப் பார்த்து ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் இவ்வளவு விலையா என்று பயப்படவும் வேண்டாம், நடுவில் வட்டி வரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

இப்போது பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம். சந்தையில் காட்டும் விலையில், போன வட்டித் தேதிக்குப் பிறகு சேர்ந்த வட்டியும் உள்ளே இருக்கிறது. ஆயிரம் ரூபாய்ப் பத்திரம், 10 சதவீதம், வருஷத்துக்கு ஒருமுறை வட்டி. போன வட்டி கொடுத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. திரையில் விலை 1,050. ஐம்பது ரூபாய் அதிகம் என்று தெரியும். உண்மையில் எட்டு மாதத்தில் 66 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கிறது, அதைக் கழித்தால் பத்திரத்தின் விலை 984, அதாவது ஆயிரத்துக்குக் கீழேதான் கிடைக்கிறது. இன்னும் நான்கு மாதத்தில் 100 ரூபாய் வட்டி, அதற்கு அடுத்த வருஷம் 1,100 சேர்த்து முதிர்வு என்றால், ஷீட்டில் போட்டுப் பாருங்கள், 11.3 சதவீதம் பக்கம் வரும். பத்திரத்தில் எழுதியிருக்கும் 10 சதவீதத்துக்கும் உங்களுக்குக் கிடைக்கும் 11.3 சதவீதத்துக்கும் சம்பந்தம் இல்லை, உங்களுடையதை நிர்ணயிப்பது இன்றைய விலை.

விலைப் பட்டியலைத் திறந்து பார்த்தால் இதயம் கொஞ்சம் நிற்கும். வாங்குகிறவர் பக்கம் 981க்கு 3 எண்ணம், 975க்கு 10 எண்ணம். விற்கிறவர் பக்கம் 1,024க்கு 50 எண்ணம். நடுவில் ஒன்றுமே இல்லை. முக்கால்வாசி என்.சி.டி.க்கள் இப்படித்தான் கிடக்கும், சில நாட்கள் ஒரு வியாபாரமும் நடக்காது. இந்த நிலைமையில் மார்க்கெட் ஆர்டர் போடுவது தற்கொலைக்குச் சமம், கிடைத்த விலையில் தூக்கிக் கொடுத்துவிடும். எப்போதும் லிமிட் ஆர்டர். உங்கள் கணக்கு என்ன விலையைச் சொல்கிறதோ அதைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். இன்று கிடைக்காவிட்டால் நாளை மறுபடி போடுங்கள், ஒரு வாரம் ஆனாலும் குடி முழுகிவிடாது. கொஞ்சமாக வாங்குகிறவருக்கு இந்தப் பொறுமைதான் லாபம், ஏனென்றால் பெரிய ஆட்கள் இந்தச் சில்லறைக்கு வரமாட்டார்கள், அவசரத்தில் விற்கும் ஒருவர் எப்போதாவது வந்துதான் தீருவார்.

ஆன்லைன் பாண்ட் தளங்கள் என்று ஒரு வகை இருக்கிறது. 2022 நவம்பரில் சந்தையைக் கண்காணிக்கும் செபி இவற்றுக்கு விதி போட்டது, பதிவு பெற்றிருக்க வேண்டும். தனிப்பட்ட முறையில் வெளியிடப்படும் பத்திரங்களின் முகமதிப்பு ஒரு காலத்தில் பத்து லட்சமாக இருந்தது, 2023இலிருந்து ஒரு லட்சம், 2024இல் அதை 10,000 வரை இறக்க வழி செய்தார்கள். அதனால் இங்கே தேர்வு நிறைய, பார்க்கவும் அழகாக இருக்கும், வருமானத்தைத் தளமே கணக்குப் போட்டுக் காட்டிவிடும். ஆனால் அவர்கள் தங்கள் விலையில் உங்களுக்கு விற்கிறார்கள், அதில் அவர்கள் லாபம் உள்ளே இருக்கிறது. வாங்குவதற்கு முன் "இதை நான் ஆறு மாதத்தில் விற்க நினைத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்" என்று கஸ்டமர் கேருக்குக் கேட்டு எழுதுங்கள். பதிலின் இழுவையிலேயே விஷயம் புரியும்.

கம்பெனி யார் என்பதற்கு வருவோம். கிரிசில், இக்ரா, கேர் மாதிரி நிறுவனங்கள், கடனைத் திருப்பித் தரும் தகுதிக்குக் கொடுக்கும் தரத்தைப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். 2018இல் ஐ.எல்.எஃப்.எஸ். என்கிற பெரிய நிதி நிறுவனம் கவிழ்வதற்குக் கொஞ்ச நாள் முன்வரை உச்சத் தரத்தில் இருந்தது. டி.எச்.எஃப்.எல். என்கிற வீட்டுக் கடன் கம்பெனி 2016இல் பொதுமக்களுக்கு என்.சி.டி. விற்றது, 2019 ஜூனில் வட்டி தவறியது, அதே வருஷம் நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது, 2021இல் பிரமல் குழுமம் வாங்கி முடித்தது. அது அடமானம் உள்ள பத்திரம்தான், ஆனாலும் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு முழுப் பணமும் திரும்பவில்லை. செக்யூர்டு, அதாவது அடமானம் உள்ளது, என்ற வார்த்தை இருந்தால் பணம் பாதுகாப்பாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, கவிழ்ந்தால் வரிசையில் கொஞ்சம் முன்னால் நிற்பீர்கள், அவ்வளவுதான். இன்னொன்று, சந்தையில் ஒரு பத்திரம் அதே தரமுள்ள மற்றவற்றைவிட நான்கைந்து சதவீதம் அதிக வருமானம் காட்டினால், தரம் குறைவதற்கு முன்பே விலைக்குத் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே கம்பெனியில் மொத்த சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வைக்கப் பிடிப்பதில்லை, உங்கள் அளவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாங்குவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாத கம்பெனியின் பத்திரத்தை அழகான ஃபைலில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறவர்களைப் பற்றி நம்மூரில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாட்டில் 1997இலேயே தனிச் சட்டம் போட்டு, மதுரையில் அதற்கென்றே தனி நீதிமன்றம் வைக்கும் அளவுக்குக் கேஸ் இருக்கிறது. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ஐ.எஸ்.ஐ.என். எண் என்ன, எந்தச் சந்தையில் பட்டியல் ஆகியிருக்கிறது? எண் இல்லை என்றால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் புகார் போடவும் வழி இருக்கிறது.

விற்பது

வட்டி யாருக்குப் போகும் என்பதை ரெக்கார்ட் தேதி தீர்மானிக்கும், பொதுவாக வட்டித் தேதிக்கு 15 நாள் முன்னால். அந்த நாளில் யார் டீமேட்டில் பத்திரம் இருக்கிறதோ அவருக்குத்தான் முழு வட்டியும். ரெக்கார்ட் தேதி தாண்டியதும் விலை கிட்டத்தட்ட அந்த வட்டி அளவுக்கு இறங்கும். இது தெரியாமல் "நேற்று 1,090, இன்று 995, விழுந்துவிட்டது" என்று பதறி விற்கிறவர்கள் ஒரு பக்கம், மலிவாகக் கிடைத்தது என்று நினைத்து வாங்குகிறவர்கள் மறுபக்கம். செட்டில்மெண்டுக்கு ஒரு வேலை நாள் ஆகும் என்பதால் ரெக்கார்ட் தேதியன்றே வாங்கினால் வட்டி உங்களுக்கு வராது. முதிர்வுக்கு முன்னாலும் ஒரு ரெக்கார்ட் தேதி உண்டு, அதற்குப் பிறகு வியாபாரமே நின்றுவிடும், கடைசி நேரத்தில் விற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது.

நூறு எண்ணம் விற்க வேண்டுமென்றால் நூறையும் ஒரே ஆர்டரில் காட்டாதீர்கள். வாங்குகிறவர் பக்கம் 3, 10 என்று இருக்கும் இடத்தில் 100 வந்து நின்றால் அவர்கள் விலையை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். பத்துப் பத்தாகப் போடுங்கள், இரண்டு சந்தையிலும் பாருங்கள், ஒரே பத்திரம் தேசியச் சந்தையில் 985க்கும் மும்பைச் சந்தையில் 1,002க்கும் கேட்கப்படுவது சகஜம். பணம் தேவைப்படும் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள். அடுத்த வாரமே பணம் வேண்டும் என்றால் விலையை நீங்கள் சொல்ல முடியாது, எதிரில் இருப்பவர்தான் சொல்வார். கல்யாணத்துக்குத் தெற்காவணி மூல வீதியில் நகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பத்திரத்தை விற்கத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும்.

விற்கும்போது ஒருமுறை எதிர்ப்பக்கக் கணக்கையும் போடுங்கள். உங்கள் விலையில் வாங்குகிறவருக்கு எத்தனை சதவீதம் கிடைக்கிறது? அதே காலத்துக்கு அதே தரத்தில் புதிய வெளியீடு 10 சதவீதம் தரும்போது உங்கள் பத்திரத்தில் அவருக்கு 9 கிடைக்கிறது என்றால் ஒருவரும் வரமாட்டார். 13 கிடைக்கிறது என்றால் நீங்கள் வீணாக விட்டுக்கொடுக்கிறீர்கள், விலையை ஏற்றிப் போடுங்கள்.

வரி

பட்டியலான பத்திரத்தின் வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் ஸ்லாபில், அதாவது உங்கள் வருமான அளவுக்குரிய விகிதத்தில் வரி. 2023 ஏப்ரலிலிருந்து அதில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள், 2025 ஏப்ரலிலிருந்து வருஷத்துக்கு 10,000 ரூபாய் வட்டிவரை பிடித்தம் இல்லை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்து லாபத்துக்கு விற்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் ஸ்லாப். மேலே சொன்ன 1,050 உதாரணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: 66 ரூபாய் சேர்ந்த வட்டியை நீங்கள் விலையில் கொடுத்துத்தான் வாங்கினீர்கள், ஆனால் 100 ரூபாய் வட்டி வரும்போது முழு நூறும் உங்கள் வருமானம் என்றுதான் போகும். முதிர்வில் 1,000 வாங்கும்போது வரும் 50 ரூபாய் மூலதன நஷ்டத்தை வட்டியோடு கழிக்க முடியாது, வேறு நீண்டகால மூலதன லாபம் இருந்தால்தான் கழிக்கலாம். முப்பது சதவீத ஸ்லாபில் இருப்பவர்கள் வட்டித் தேதிக்குக் கொஞ்சம் முன்னால் வாங்குவதைவிட, ரெக்கார்ட் தேதி தாண்டியபிறகு வாங்குவது இதனால்தான் லாபம். பி2பி வட்டிக்கும் ஸ்லாப்தான், அங்கே வராமல் போன அசலை வந்த வட்டியிலிருந்து சம்பளக்காரர் கழித்துக்கொள்ள முடிவதில்லை, ஆப் காட்டும் வருமானத்தைப் படிக்கும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்கியதற்கும் விற்றதற்கும் புரோக்கர் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட்டுகளை ஈமெயிலில் தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஜூலையில் ஆடிட்டர் கேட்பது அதைத்தான், ஆப்பில் பழைய விலையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அப்படியே டீமேட்டில் நாமினி பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அப்பா அம்மா பெயரில் வாங்குகிறவர்கள் முக்கியமாக.